ஹாட்ஸ்பாட் போதுமா? வீட்டு இணைப்பைத் துண்டிக்கும் முன் ஒரு கணக்கு

தனியாக அறை எடுத்துத் தங்கி வேலைக்குப் போகிறவருக்கு ஃபைபர் இணைப்பு தேவையில்லை, செல்போன் ஹாட்ஸ்பாட்டே போதும். பகலெல்லாம் யாராவது வீட்டில் இருக்கும் குடும்பம் இணைப்பைத் துண்டிக்கக் கூடாது. என் முடிவு இதுதான். ஆனாலும் பில் வரும் ஒவ்வொரு மாதமும் "ஆளுக்கு தினம் 2 ஜிபி இருக்கே, இது எதுக்குத் தனியா?" என்ற பேச்சு பல வீடுகளில் எழுகிறது. கேட்பதில் நியாயம் இருக்கிறது. அதனால் கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம்.

முதலில் பணம். வீட்டு ஃபைபரில் அடிமட்ட பிளான்கள் மாதம் 399 முதல் 499 ரூபாய் என்று விளம்பரத்தில் இருக்கும். 18% ஜிஎஸ்டி சேர்ந்தால் கையை விட்டுப் போவது 471 முதல் 589 ரூபாய். ப்ரீபெய்ட் ரீசார்ஜில் வரி விலைக்குள்ளேயே அடங்கியிருக்கும். 2024 ஜூலை விலையேற்றத்தில் ஜியோவின் தினம் 2 ஜிபி பிளான் 28 நாளுக்கு 349 ரூபாய் ஆனது. 28 நாள் என்பதால் வருடத்துக்கு 12 அல்ல, 13 ரீசார்ஜ். இந்தச் செலவு எப்படியும் இருக்கப் போகிறது, ஃபைபரைத் துண்டித்தால் வருடம் ஐயாயிரத்து அறுநூறு ரூபாயாவது மிச்சம். தனி ஆளுக்கு இது பெரிய தொகை.

அடுத்து டேட்டா. தினம் 2 ஜிபி என்றால் 28 நாளுக்கு 56 ஜிபி. அடிமட்ட ஃபைபர் பிளான்களில் மாத வரம்பு வழக்கமாக 3,300 ஜிபி, அதாவது ஒரு நாளைக்கு 110 ஜிபி. நெட்ஃப்ளிக்ஸில் எச்டி தரத்தில் படம் பார்த்தால் மணிக்கு 3 ஜிபி வரை போகும். டிவியை ஹாட்ஸ்பாட்டில் இணைத்தால் இடைவேளை வருவதற்குள் அன்றைய பங்கு தீர்ந்துவிடும். மிச்சம் இருந்தாலும் மறுநாளுக்குச் சேராது, நள்ளிரவோடு கணக்கு முடிந்துவிடும். ஜூமில் பலர் சேர்ந்த வீடியோ மீட்டிங்குக்கு மணிக்கு 1 முதல் 2 ஜிபிக்கு மேல்கூட ஆகலாம். லேப்டாப்பில் விண்டோஸ் அப்டேட் ஓடினால் சொல்லவே வேண்டாம். ஹாட்ஸ்பாட்டில் வேலை செய்பவர்கள் வைஃபை அமைப்பில் 'மீட்டர்ட் கனெக்‌ஷன்' என்பதை இயக்கிவிட வேண்டும், பெரிய அப்டேட்கள் தானாக இறங்குவது பெரும்பாலும் நின்றுவிடும்.

"5ஜியில்தான் அன்லிமிடெட் தருகிறார்களே" என்பார்கள். உண்மைதான், ஆனால் போன் 5ஜி சிக்னலில் நிற்கும் வரைதான். வேகமான 5ஜி பெரும்பாலும் 3,500 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் வருகிறது, கான்கிரீட் சுவரைத் தாண்டுவதற்குள் அது சோர்ந்துவிடும். உள் அறைக்குப் போனதும் போன் சத்தமில்லாமல் 4ஜிக்கு இறங்கும், தினசரி 2 ஜிபி கரையத் தொடங்கும். மொட்டை மாடியில் பார்த்த வேகத்தை நம்பி முடிவெடுக்காதீர்கள்.

எனக்கு இதையெல்லாம் விட முக்கியமாகப் படுவது வேறு. செல்போன் ஒரு ஆளுடையது, வைஃபை வீட்டுடையது. அப்பா கடைக்குக் கிளம்பினால் நெட்டும் அவர் சட்டைப்பையில் கிளம்பிவிடும். பிள்ளையின் ஆன்லைன் வகுப்பு பாதியில் நிற்கும். இரண்டு சிம் போன்களில் இன்னொரு சிக்கல்: டேட்டா ஒரு சிம்மில், அழைப்பு மற்றதில் என்றால், பல மாடல்களில் பேசி முடிக்கும் வரை டேட்டா நின்றுபோகும். மணிக்கணக்கில் ஹாட்ஸ்பாட் போட்டால் போன் சூடாகி பேட்டரியின் ஆயுளும் குறையும். யுஎஸ்பி கேபிளில் பகிர்ந்தால் சார்ஜும் ஏறும், ஆனால் ஒரு லேப்டாப்புக்குத்தான் பயன்படும். இதற்கு மாற்றாகப் பழைய போனில் தனி சிம் போட்டு வீட்டிலேயே விட்டுவைக்கலாம். ஆனால் அந்த சிம்முக்கும் வருடத்தில் 13 முறை 349 கட்டினால் 4,537 ரூபாய். மிச்சம் பிடித்ததில் பெரும்பகுதி அங்கேயே போய்விடும்.

இணைப்பைத் துண்டித்தால் கூடவே போகும் லேண்ட்லைனுக்கு வருவோம். பழைய காப்பர் லைனுக்கு எக்ஸ்சேஞ்சில் இருக்கும் 48 வோல்ட் பேட்டரியே மின்சாரம் தந்தது, வீட்டில் கரண்ட் போனாலும் போன் வேலை செய்தது. ஃபைபரோடு இலவசமாக வரும் லேண்ட்லைனுக்கு அந்தப் பலம் கிடையாது. மோடம் அணைந்தால் போனும் அணையும், அதற்கென்று ஒரு மினி யுபிஎஸ் வாங்கி வைக்க வேண்டும். புயல் நேரத்தில் இரண்டு பக்கமும் ஆபத்துதான். 2016 வர்தாவிலும் 2018 கஜாவிலும் மரம் விழுந்து கேபிள்கள் அறுந்தன, கரண்ட் இல்லாமல் செல்போன் டவர்களும் படுத்தன. எது முதலில் எழுந்து வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. அதனால்தான் செல்போனுக்கு ஒரு கம்பெனி, வீட்டு இணைப்புக்கு இன்னொரு கம்பெனி என்று இரண்டு வழி வைத்துக்கொள்வதை ஆதரிக்கிறேன்.

வயதானவர்கள் தனியாக இருக்கும் வீட்டில் லேண்ட்லைனைத் துண்டிக்கவே கூடாது. சார்ஜ் போட மறக்கும் கவலை இல்லை, தொடுதிரையில் பச்சை வட்டத்தை இழுக்கும் தடுமாற்றம் இல்லை. ரிசீவரை எடுத்தால் போதும். சிக்னல் குறைந்த வீடுகளுக்கு இன்னொரு செய்தி: 2019 இறுதியிலும் 2020 தொடக்கத்திலும் ஏர்டெலும் ஜியோவும் வைஃபை காலிங் கொண்டுவந்தன, அதாவது டவர் சிக்னலுக்குப் பதில் வீட்டு வைஃபை வழியே செல்போனில் பேசும் வசதி. அந்த வீடுகளில் செல்போன் அழைப்பையே தாங்கிப் பிடிப்பது ஃபைபர்தான். அதைத் துண்டித்தால் செல்போனும் ஊமையாகும்.

கேபிள் வராத தெருவுக்கு ஏர்ஃபைபர் இருக்கிறது, அதாவது கேபிளுக்குப் பதில் 5ஜி சிக்னலில் வரும் வீட்டு இணைப்பு. ஜியோ 2023 செப்டம்பரில் தொடங்கிய எட்டு நகரங்களில் சென்னையும் ஒன்று. மாடியில் ஆன்டெனா வைப்பதால் சுவர் தடுக்கும் தொல்லை குறைவு, விலை ஃபைபரை விடச் சற்றுக் கூடுதல், மாத வரம்பு 1,000 ஜிபி. ஹாட்ஸ்பாட்டை விட நிச்சயம் மேல்.

இன்னும் மனம் ஒப்பவில்லையென்றால், எல்லாரும் வீட்டில் இருக்கும் ஒரு வாரம் ரவுட்டரை அணைத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். அதன் பிறகும் துண்டிப்பதென்று முடிவானால், மோடத்தைத் திருப்பிக் கொடுத்து ரசீது வாங்குங்கள், டெபாசிட் கட்டியிருந்தால் கேட்டு வாங்குங்கள். வங்கியிலும் கேஸ் ஏஜென்சியிலும் பழைய லேண்ட்லைன் எண் பதிவாகியிருந்தால் லைன் உயிரோடு இருக்கும்போதே மாற்றிவிடுங்கள்.