பரிவேஷ் 2.0: காட்டுச் சாலையைக் கோப்பிலேயே மறிக்க இந்தத் தளம் எவ்வளவு உதவும்?

ஜேசிபி காட்டோரம் வந்து நிற்கும்போது சாலைக்கான வேலை பெரும்பாலும் முடிந்திருக்கும். நில அளவு, மரக்கணக்கு, மாற்றுப்பாதை, ஈட்டுத்தொகை எல்லாம் அதற்கு வெகுமுன்பே கோப்பில் ஏறியிருக்கும். அந்தக் கோப்பை வெளியிலிருந்து எட்டிப் பார்க்கக் கிடைத்திருக்கும் சன்னல், மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் தளம். 2018 ஆகஸ்டில் தொடங்கியது. இப்போது ஓடுவது 2.0 பதிப்பு. திட்டம் போடுகிறவர்கள் ஒரே இடத்தில் விண்ணப்பித்து அனுமதி வாங்கிப் போகக் கட்டப்பட்ட தளம் இது. காட்டைக் காக்க நினைக்கும் ஊர்க்காரர்களுக்கு இது எந்த அளவுக்குப் பயன்படும் என்பதை மட்டும் இங்கே பார்க்கலாம்.

ஏன் இதைக் கட்டிக்கொண்டு அழவேண்டும்? வன நிலத்தை வேறு பயனுக்கு மாற்றும் அனுமதிக்குப் பொதுக் கருத்துக்கேட்புக் கூட்டம் கிடையாது. யாரும் தண்டோரா போடமாட்டார்கள். அமெரிக்காவில் 2001-ல் ‘சாலையில்லாக் காடு’ என்றே தனி வகை வகுத்து, சுமார் 5.85 கோடி ஏக்கரில் புதிய சாலை போடுவதற்குத் தடை கொண்டுவந்தார்கள். (அதையும் ரத்து செய்யப்போவதாக 2025-ல் அந்நாட்டு அரசு அறிவித்துவிட்டது.) நம் சட்டத்தில் அப்படி ஒரு வகையே இல்லை. காப்புக்காடு, சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் என்ற வகைகள் உண்டு. சாலை இல்லாமல் இருப்பதற்கென்று தனி மதிப்பு எதுவும் இல்லை. ஆகவே ஒவ்வொரு சாலைக்கும் ஒவ்வொரு கோப்பாக மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது.

தேடலில் முதல் இடறல், பெயர். உள்ளூரில் எல்லோரும் ஒரு பெயர் சொல்லும் சாலை, கோப்பில் ‘கிலோமீட்டர் 4/2 முதல் 9/6 வரை மேம்பாடு’ என்று கிடக்கலாம். பெயர் கொடுத்துத் தேடுவதை விட்டுவிட்டு மாநிலம், அனுமதி வகை, திட்ட வகை, வருடம் ஆகியவற்றை வடிகட்டியில் போட்டு, வரும் பட்டியலை மாவட்டவாரியாகக் கண்ணால் ஓட்டுவதே நம்பகமான வழி. முன்மொழிவு எண் எஃப்பி/டிஎன்/ரோடு (FP/TN/ROAD) என்று தொடங்கி, தொடர் எண், வருடம் என்று முடியும். அந்த எண்ணைக் குறித்து வையுங்கள். பின்னால் எழுதும் ஒவ்வொரு கடிதத்திலும் அதுதான் முதல் வரி. வன அனுமதியும் வனவிலங்கு அனுமதியும் தனித்தனி விண்ணப்பங்கள் என்பதால் இரண்டிலும் தேடவேண்டும்.

பேரிஜம் வழியாக டாப் ஸ்டேஷன் போகும் பழைய கொடைக்கானல்–மூணாறு பாதையை எடுத்துக்கொள்வோம். 1990-ல் மூடப்பட்டது, திறக்கச் சொல்லும் கோரிக்கை அவ்வப்போது தலைதூக்கும். இந்தப் பக்கம் 2013-ல் அறிவிக்கப்பட்ட கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம், அந்தப் பக்கம் பாம்பாடும் சோலை தேசியப் பூங்கா. இப்படி எல்லை தாண்டும் பாதைக்கு விண்ணப்பம் வந்தால் தமிழ்நாட்டுக்கு இரண்டு, கேரளத்துக்கு இரண்டு என நான்கு இடத்தில் பார்க்கவேண்டியிருக்கும். ஒரு மாநிலத்தை மட்டும் பார்த்துவிட்டு ‘ஒன்றும் இல்லை’ என்று உட்கார்ந்துவிடக் கூடாது.

கோப்பு கிடைத்ததும் முதலில் பார்க்கவேண்டியது பகுதி 1. நெடுஞ்சாலைத் துறையோ உள்ளாட்சியோ, நிலம் கேட்பவர் நிரப்புவது. நீளம், அகலம், கேட்கும் வன நிலத்தின் பரப்பு, ஆராயப்பட்ட மாற்றுப்பாதைகள், காட்டைத் தவிர்க்க முடியாததற்கான காரணம் எல்லாம் இதில்தான். ஒரு கால்குலேட்டர் போதும். 8 கிலோமீட்டர் நீளத்துக்கு 3.2 ஹெக்டேர் கேட்டிருந்தால் அகலம் 4 மீட்டர்தான் வருகிறது. மலைச்சரிவில் 4 மீட்டரில் தார்ச்சாலை எப்படிப் போடுவது? மேல்பக்கம் மண் வெட்டு, கீழ்ப்பக்கம் தாங்குசுவர், ஓரத்தில் வடிகால், கொண்டை ஊசி வளைவில் கூடுதல் அகலம் என்று எல்லாம் வேண்டும். வெட்டிய மண்ணைக் கொட்ட இடமும் வேண்டும். அந்த இடம் கணக்கில் இல்லையென்றால் மண் கீழே இருக்கும் ஓடையில்தான் போய் விழும். ‘மண் கொட்டும் இடம் எங்கே, எத்தனை கன மீட்டர், அதன் எல்லைப்படம் எது’ என்ற ஒரு கேள்விக்கே பல கோப்புகள் திணறும்.

மாற்றுப்பாதை விஷயத்தில், மூன்று பாதைகளை வரைந்துவிட்டு இரண்டை வேண்டுமென்றே நீளமாகக் காட்டுவது எளிது. ஆகவே வரைபடத்தைத் தனியாகச் சோதிக்கவேண்டும். காட்டைச் சுற்றி ஏற்கெனவே சாலை இருந்து, அதை விட்டுவிட்டிருந்தால் ஆட்சேபக் கடிதத்துக்கு அது ஒன்றே போதும்.

தளத்தில் கிடைப்பதிலேயே பயனுள்ளது கேஎம்எல் கோப்பு, அதாவது கேட்கும் நிலத்தை வரைபடத்தின்மேல் காட்டும் கோப்பு. இதைக் கைப்பேசியில் பார்ப்பதில் பிரயோஜனம் இல்லை. கணினியில் கூகுள் எர்த் புரோவை நிறுவிக்கொள்ளுங்கள். 2015 முதல் இலவசம். கோப்பைத் திறந்ததும் கடிகாரப் படத்தை அழுத்திப் பழைய செயற்கைக்கோள் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பாருங்கள். ‘இருக்கும் சாலையை மேம்படுத்துகிறோம்’ என்று எழுதியிருக்கும் இடத்தில் பத்து வருடத்துக்கு முன் மூடிய மரக்கூரை மட்டும் தெரிகிறதா? பிப்ரவரி, மார்ச் மாதப் படங்களைத் தேர்ந்தெடுங்கள். பருவமழைக்காலப் படத்தில் மேகம்தான் இருக்கும். இலையுதிர் காட்டில் கோடையில் பாதை தெரியும், சோலையில் தெரியாது. கூரை மூடியிருப்பதை வைத்துப் பாதை இல்லை என்று அடித்துச் சொல்லிவிடாதீர்கள். நேரில் போன ஒருவர் எடுத்த ஒரு படம் உங்கள் மொத்தக் கடிதத்தையும் கவிழ்த்துவிடும்.

கேஎம்எல்லில் கவனிக்க இன்னும் சில உண்டு. பரப்பு இல்லாமல் வெறும் கோடு மட்டும் இருந்தால் அகலத்தை மறைக்க இடமிருக்கிறது. மலையில் படமும் நிலமும் சில மீட்டர் விலகியிருப்பது சகஜம், அதைக் குற்றமாக எழுதவேண்டாம்; நூறு மீட்டர் விலகினால் எழுதுங்கள். பரப்பை நீங்களே அளக்கவேண்டும் என்றால் க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில், மீட்டரில் அளக்க உதவும் யுடிஎம் மண்டலத்துக்கு மாற்றிவிட்டு அளக்கவேண்டும். நீலகிரி, ஆனைமலை, கொடைக்கானலுக்கு 43 வடக்கு; கொல்லிமலை போல 78 பாகைத் தீர்க்கரேகைக்குக் கிழக்கே இருப்பவற்றுக்கு 44 வடக்கு. மாற்றாமல் அளந்தால் விடை பாகையில் வந்து கேலிக்கூத்தாகலாம். ஈடுசெய் காடு வளர்ப்புக்கான (எடுக்கும் காட்டுக்கு ஈடாக வேறிடத்தில் மரம் நடுவதற்கான) நிலத்தின் கேஎம்எல்லையும் மறக்காமல் திறந்து பாருங்கள். மரம் நடப்போவதாகச் சொல்லும் இடத்தில் ஏற்கெனவே அடர்காடு நின்றாலோ, மலைமேட்டுப் புல்வெளி இருந்தாலோ அதுவே தனி ஆட்சேபம். புல்வெளியில் மரம் நடுவது ஈடு ஆகாது, இரண்டாவது சேதம்.

பழைய பாதை என்ற வாதத்துக்கு வரலாம். வனப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1980 அக்டோபர் 25. அதற்கு முன்பே இருந்த சாலையை, அகலப்படுத்தாமல், புதிதாகக் காட்டை உடைக்காமல் தரம் உயர்த்தத் தளர்வு உண்டு. அதனால்தான் மரம் ஏற்ற வெட்டிய கூப்பு ரோடுகளெல்லாம் கோப்பில் திடீரென்று ‘சாலை’ ஆகின்றன. இதற்கு மருந்து இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 நிலவரைபடம், அதாவது டோப்போ ஷீட். தார்ச்சாலை, வண்டிப்பாதை, ஒற்றையடிப் பாதை ஒவ்வொன்றுக்கும் தனிக்குறி இருக்கும். ஓரத்தில் இருக்கும் வருடங்களில் அச்சிட்ட வருடத்தைப் பார்க்காதீர்கள், நிலத்தை அளந்த வருடத்தைப் பாருங்கள்.

பகுதி 2 மாவட்ட வன அலுவலர் எழுதுவது. மர அடர்த்தி, இனவாரியாக, சுற்றளவுவாரியாக மரக்கணக்கு, வனவிலங்கு நடமாட்டம், யானை வலசைப்பாதையா, சரணாலயம் எவ்வளவு தூரம், ஏற்கெனவே விதிமீறல் நடந்திருக்கிறதா என்பதெல்லாம் இதில். சண்டை பெரும்பாலும் இந்தப் பக்கங்களில்தான். அதே வனக்கோட்டத்தின் செயல்திட்டமோ, புலிகள் காப்பகத்தின் பாதுகாப்புத் திட்டமோ அந்த இடத்தை யானை நடமாடும் பகுதி என்று சொல்லியிருக்க, பகுதி 2 ‘அரிய விலங்கு எதுவும் இல்லை’ என்றால், துறையின் ஆவணத்தைத் துறையின் ஆவணத்தாலேயே மறுக்கலாம். ஊர்க்காரர் வாய்மொழியைவிட இதற்கு எடை அதிகம். நியாயமில்லைதான், ஆனால் அனுமதியைப் பரிசீலிக்கும் குழுவின் மேசையில் அப்படித்தான்.

தளம் தரும் வசதிக்கு ஐந்தில் மூன்று கொடுக்கலாம். குறைத்ததற்குக் காரணம், தமிழ் இல்லை என்பதும், ஸ்கேன் செய்த பிடிஎஃப்களில் சொல் தேட முடியாது என்பதும் மட்டுமல்ல. இந்தத் தளத்தை மட்டும் நம்பினால் முக்கியமான ஒரு வகைச் சாலை கண்ணில் படாமலே போகலாம். வன உரிமைச் சட்டம், 2006-ன் பிரிவு 3(2)-ன்படி கிராமத்துக்கான சாலைக்கு ஒரு ஹெக்டேருக்குள், ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மிகாமல் என்றால் கிராம சபை பரிந்துரையோடு மாவட்ட வன அலுவலர் அளவிலேயே முடிந்துவிடும். 3.75 மீட்டர் அகலத்தில் ஒரு ஹெக்டேர் என்பது சுமார் 2.67 கிலோமீட்டர். ஐந்து கிலோமீட்டர் சாலையை இரண்டு துண்டாகக் காட்டினால் கணக்கு சரியாக உட்காரும். அதைப் பிடிக்கக் கிராம சபைத் தீர்மானத்தைத்தான் பார்க்கவேண்டும். அதே சமயம், ஆஸ்பத்திரிக்குத் தொட்டில் கட்டித் தூக்கிப்போகும் ஆதிவாசிக் குடியிருப்புக்கு வரும் சாலையையும், இரண்டு சுற்றுலா ஊர்களை இணைக்கக் காட்டைப் பிளக்கும் சாலையையும் ஒரே கடிதத்தில் எதிர்க்கும் அமைப்புகளுக்கு அந்த மலையில் மரியாதை இருக்காது.

கிராம சபை பற்றி இன்னொன்று. சாலை போன்ற நீள்திட்டங்களுக்கு அதன் ஒப்புதல் தேவையில்லை என்று 2013-ல் மத்திய அமைச்சகம் தளர்த்தியது. தொன்மைப் பழங்குடிகளின் உரிமை பாதிக்கப்படும் இடத்தில் அந்தத் தளர்வு செல்லாது. தமிழ்நாட்டில் தோடர், கோத்தர், குரும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறு சமூகங்கள் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. நீலகிரி, சத்தியமங்கலம் பக்கத்துக் கோப்புகளில் முதலில் தேடவேண்டிய ஓட்டை இது.

எழுதும் நேரம் முக்கியம். நீள்திட்டங்களைப் பார்ப்பது மத்திய அமைச்சகத்தின் மண்டல அலுவலகக் குழு; தமிழகத்துக்குச் சென்னை. நிகழ்ச்சிநிரலில் முன்மொழிவு எண் வந்ததும், கூட்டத்துக்கு முன்பே கடிதம் சேரவேண்டும். இரண்டு பக்கம் போதும்: எண், கோப்பின் எந்தப் பத்தி, அதற்கு முரணான ஆவணம், அட்சரேகை தீர்க்கரேகையோடு படம். இயற்கை அன்னையைப் பற்றிய பத்தியை வெட்டிவிடுங்கள். இரண்டாம் கட்ட (இறுதி) அனுமதிவரை காத்திருந்தாலும் போச்சு. முதல் கட்ட (கொள்கையளவிலான) அனுமதி கிடைத்து ஈட்டுத்தொகையைக் கட்டிவிட்டாலே நீள்திட்டங்களுக்கு மரம் வெட்டி வேலை தொடங்க அனுமதி தர வழி இருக்கிறது. அந்தத் தொகையை நம்பியும் பயனில்லை: 2022-ல் திருத்திய விகிதப்படி காட்டின் நிகர மதிப்பு ஹெக்டேருக்கு அதிகபட்சம் சுமார் 15.95 லட்சம் ரூபாய். சரணாலயத்தில் ஐந்து மடங்கு, தேசியப் பூங்காவில் பத்து மடங்கு. சாதாரணக் காப்புக்காட்டில் 3.2 ஹெக்டேருக்கு அதிகபட்சமே சுமார் 51 லட்சம். மலைச்சாலை ஒப்பந்தத்தில் அது சில்லறை.

தளத்தில் ஆவணம் திறக்காவிட்டால் ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமைச் சட்டம்). மண்டல அலுவலகத்துக்கு மத்திய இணையதளத்தில், மாவட்ட வன அலுவலருக்குத் தனி மனு. கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள். ‘ஏன் அனுமதித்தீர்கள்’ என்று கேட்டால் பதில் வராது. பகுதி 2, தல ஆய்வு அறிக்கை, மரக்கணக்குப் பட்டியல், மாற்றுப்பாதை வரைபடம், கேஎம்எல் மென்பிரதி என்று ஆவணப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். கோப்பை நேரில் பார்க்கவும் கேட்கலாம். மத்திய அலுவலகங்களில் முதல் ஒரு மணி நேரம் இலவசம்.

செயற்கைக்கோள் படங்களை வைத்துக் காட்டிழப்பைக் காட்டும் குளோபல் ஃபாரஸ்ட் வாட்ச் தளம் பற்றியும் பலர் கேட்கிறார்கள். பெரிய அளவில் காடு அழிந்ததைப் பார்க்க நல்லது. சாலைக்கு உதவாது: ஆண்டு இழப்புப் படத்தின் ஒரு கட்டம் 30 மீட்டர், மரக்கூரைக்கு அடியில் 4 மீட்டர் மண்பாதை அதில் விழாது; தைலமரத் தோட்டத்தை அறுவடை செய்தாலும் ‘இழப்பு’ என்றே காட்டும். எச்சரிக்கை வருவதும் மரம் விழுந்த பிறகுதான். வண்டி ஓடத் தொடங்கிவிட்டால் பிறகு இரவுப் போக்குவரத்துத் தடைக்குத்தான் போராடமுடியும். சத்தியமங்கலம் காட்டில் 27 கொண்டை ஊசி வளைவுள்ள திம்பம் மலைப்பாதையில் அந்தத் தடை முறையாக அமலுக்கு வர 2022 பிப்ரவரியில் உயர் நீதிமன்றம் உத்தரவிடவேண்டியிருந்தது.

அனுமதி ஆணை வெளியாகிவிட்டால் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வில் மேல்முறையீடு. 30 நாள் கெடு. தகுந்த காரணம் காட்டினால் மேலும் 60 நாள். அதற்குமேல் தீர்ப்பாயமே நினைத்தாலும் ஏற்க முடியாது. இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். ஆணை தளத்தில் ஏறிய தேதி தெரியும்படி அன்றே திரைப்பிடி எடுத்து, பிடிஎஃப்பையும் கேஎம்எல்லையும் சொந்தக் கணினியில் சேமித்துவிடுங்கள்.