ஆயிரம் ரூபாய் பாஸ்: பேட்டை பேட்டையாக அலைகிறவன் எழுதுவது

பாரிமுனை லிங்கிச் செட்டித் தெருவில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன். உட்கார்ந்து கணக்கு எழுதுகிற வேலை இல்லை. வெளி வேலை. பத்திரம் கொண்டு போவது, கையெழுத்து வாங்கி வருவது, முத்திரைத்தாள் வாங்குவது, பேங்கில் ஒரிஜினலைக் காட்டிவிட்டுத் திரும்பக் கொண்டு வருவது.

எல்லாம்தான் கம்ப்யூட்டரிலேயே போய்விடுகிறதே, இன்னும் எதற்கு ஆள் அலைய வேண்டும் என்று கேட்பார்கள். டிஜிட்டல் கையெழுத்துக்கு ஒரு டோக்கன் உண்டு, பென் டிரைவ் மாதிரி இருக்கும். அது எங்கள் அலமாரியில் இருக்கும், டைரக்டர் கிண்டியில் இருப்பார். நடுவில் இருக்கிற தூரத்தை யாராவது ஒருவர் கடக்க வேண்டுமே.

அதற்கு எனக்கு இருக்கிற கருவி, மாநகர் போக்குவரத்துக் கழகத்தின் விருப்பம்போல் பயணம் செய்யும் மாதப் பாஸ். விலை 1,000 ரூபாய். சாதாரணக் கட்டண வெள்ளைப் பலகை பஸ், எக்ஸ்பிரஸ், டீலக்ஸ் எதிலும் ஏறலாம். எத்தனை தடவை வேண்டுமானாலும் ஏறலாம். ஏசி பஸ்ஸில் மட்டும் செல்லாது.

கணக்கு சொல்கிறேன். எனக்கு ஒரு நாளைக்கு ஐந்து பஸ்ஸாவது ஆகும். டிக்கெட் எடுத்தால், ஒன்றுக்கு 15 ரூபாய் என்று வைத்தாலும் 75. மாதத்தில் 25 நாள் வேலை என்றால் 1,875. ஆனால் பணம் மிச்சமாவது பாதிதான். மீதிப் பாதி, பஸ் மாறுவதற்கு யோசிக்கத் தேவையே இல்லை என்பது. டிக்கெட் எடுக்கிறவர் தன் இடத்துக்கு நேராகப் போகும் பஸ்ஸுக்காக இருபது நிமிடம் நிற்பார். நான் முதலில் வருகிற பஸ்ஸில் ஏறி, பாதி தூரத்தில் இறங்கி, அங்கே வருகிற இன்னொன்றில் ஏறிவிடுவேன். சென்னை மாதிரி ஊரில் இதுதான் பெரிய லாபம். இங்கே வேலை நடக்கிற இடம் ஒன்று இல்லை. பாரிமுனையில் பழைய கம்பெனிகளும் சுங்க இல்லமும். நுங்கம்பாக்கத்தில் வருமான வரி ஆபீஸ், பக்கத்திலேயே ஹாடோஸ் சாலை சாஸ்திரி பவன். கிண்டியில் 1958இல் தொடங்கிய தொழிற்பேட்டை. தரமணியில் 2000இல் திறந்த டைடல் பார்க், அங்கிருந்து சிறுசேரி வரைக்கும் ஐடி கம்பெனிகள். இந்தப் பேட்டைகளை எல்லாம் ஒரே ஊராகச் சேர்த்துக் கட்டி வைத்திருப்பது பஸ்தான்.

என் வழிகளைச் சொல்கிறேன், யாருக்காவது உதவும். பாரிமுனையிலிருந்து கிண்டிக்கு 18ஏ, அண்ணா சாலை முழுக்க ஓடும். வழியில் எல்ஐசியில் ஒரு கவர் கொடுக்க வேண்டியிருந்தால் இறங்கிக் கொடுத்துவிட்டு அடுத்ததில் ஏறிக்கொள்ளலாம். மயிலாப்பூர்ப் பக்கம் வேலை இருந்தால் 21ஜி. டைடல் பார்க்குக்கு 102, மாறவே வேண்டாம். கிண்டி வேலையை முடித்துவிட்டு ஓஎம்ஆர், அதாவது ஐடி கம்பெனிகள் இருக்கிற பழைய மகாபலிபுரம் சாலை போக வேண்டுமானால் 570, கோயம்பேட்டிலிருந்து வந்து வேளச்சேரி வழியாகக் கேளம்பாக்கம் வரை போகும். காலை எட்டரையிலிருந்து பத்து வரைக்கும் 570இல் ஏறாதீர்கள் என்று மட்டும் சொல்வேன். ஐடி கம்பெனிப் பிள்ளைகள் முதுகில் லேப்டாப் பையோடு நிற்பார்கள், கால் வைக்க இடம் இருக்காது. மெட்ரோ வேலைக்காக ஓஎம்ஆரைத் தோண்டியதிலிருந்து நேரமும் கூடத்தான் ஆகிறது. பதினோரு மணிக்கு மேல் அதே பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைக்கும்.

மெட்ரோவே இருக்கிறதே என்று கேட்கலாம். அவசரம் என்றால் நானும் ஹைகோர்ட் ஸ்டேஷனில் ஏறிக் கிண்டியில் இறங்குவேன், அந்த வேகத்துக்குப் பஸ் ஈடாகாது. ஆனால் டைடல் பார்க் வாசலில் பஸ்தான் கொண்டு விடுகிறது.

போன வருடம் ஒரு படிவம் தாக்கல் செய்யக் கடைசித் தேதி அன்று, மதியம் இரண்டேகாலுக்கு, டோக்கனை எடுத்துக்கொண்டு கிண்டிக்கு ஓட வேண்டியிருந்தது. சீக்கிரம் போகட்டும் என்று சின்ன ஆடிட்டர் ஒரு செயலியில் பைக் போட்டுக் கொடுத்தார். முதல் ஆள் வருகிறேன் என்று சொல்லிவிட்டு ரத்து செய்தார். இரண்டாவது ஆள் எங்கே போக வேண்டும் என்று கேட்டார், சொன்னதும் போனை வைத்துவிட்டார். பன்னிரண்டு நிமிடம் அதில் போனது. நான் விறுவிறுவென்று நடந்து 18ஏயில் ஏறிவிட்டேன். கண்டக்டர் பக்கத்தில் வந்ததும் "பாஸ்" என்றேன், அவ்வளவுதான், சில்லறை தேடுகிற வேலைகூட இல்லை. மூன்றரைக்குள் கையெழுத்து முடிந்தது.

சென்னை பஸ் செயலியைப் போனில் போட்டுக்கொள்ளுங்கள். வண்டி எங்கே வருகிறது என்று பார்க்கலாம். நிறுத்தத்தில் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்பது எனக்கு ரொம்பக் குறைந்துவிட்டது.

2024 ஆகஸ்டில் வந்த தாழ்தள பஸ்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஆடிட் சமயத்தில் இரண்டு கையிலும் ஃபைல் மூட்டை இருக்கும். பழைய பஸ்ஸில் மூன்று படி ஏறக் கம்பியைப் பிடிக்கவும் கை இருக்காது. இதில் நடைபாதையிலிருந்து அப்படியே உள்ளே நடந்து போகலாம். எனக்கு ஐம்பத்து நான்கு வயது, வலது முழங்கால் கொஞ்சம் தொந்தரவு. அந்த மூன்று படி இல்லாமல் போனது எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பது ஏறி இறங்குகிறவர்களுக்குத்தான் தெரியும். 2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்சாரப் பஸ்களும் ஓடத் தொடங்கின. சத்தமே இல்லை. போனில் ஆடிட்டர் சொல்வது காதில் விழுகிறது.

ஏசி பஸ் வந்தால் ஆயிரம் ரூபாய் பாஸ்காரர் விட்டுவிட வேண்டியதுதான். 2025 மார்ச்சிலிருந்து அதற்கும் சேர்த்து 2,000 ரூபாய்க்கு ஒரு பாஸ் இருக்கிறது. என் மாதிரி ஆளுக்கு அது வேண்டாம். சிறுசேரிக்குத் தினமும் போய் வருகிறவர், சட்டை கசங்காமல் போய்ச் சேர வேண்டியவர் வாங்கலாம்.

பெண்களுக்குக் கணக்கே வேறு. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பஸ்ஸில் அவர்களுக்குக் கட்டணம் கிடையாது. அதைத்தான் பிங்க் பஸ் என்பார்கள். எங்கள் ஆபீசில் ஆர்ட்டிகிள் பயிற்சிக்கு, அதாவது ஆடிட்டர் ஆவதற்கான பயிற்சிக்கு வந்திருக்கிற பெண்ணோடு வெளியே போனால், "அண்ணா, பிங்க் பஸ் வருது, நான் இதுல போயிடறேன்" என்று ஏறிவிடும். நானும் பின்னாலேயே ஏறிவிடுவேன், பாஸ் இருக்கிறதே. அந்தப் பெண் இப்போது பாதி வழிகளைத் தனியாகவே பார்த்துக்கொள்கிறது. வண்டிக் காசுக்கு ஆபீசில் கை நீட்ட வேண்டாம் என்பதில் அதற்கு ஒரு தெம்பு.

ஒன்று மட்டும் கேட்பேன். முன்பு 50 ரூபாய்க்கு ஒரு நாள் பாஸ் இருந்தது, கொரோனா காலத்தோடு போய்விட்டது. மாதம் முழுக்க அலையாதவர்கள், வேலை தேடி ஒரே நாளில் நான்கு கம்பெனி ஏறி இறங்குகிற பிள்ளைகள், அவர்களுக்கெல்லாம் அது கை கொடுத்தது. விலையைக் கொஞ்சம் கூட்டியாவது அதைத் திரும்பக் கொண்டு வர வேண்டும்.

அப்புறம் ஒரு வார்த்தை. நான் நின்றுகொண்டு போனால், உட்கார்ந்திருக்கிற யாராவது கையை நீட்டி ஃபைல் பையை வாங்கி மடியில் வைத்துக்கொள்வார்கள். கேட்க வேண்டியதே இல்லை. நாற்பது லட்ச ரூபாய்ச் சொத்தின் மூலப் பத்திரம்கூட அப்படி யாரோ ஒரு அம்மா மடியில் மயிலாப்பூர் வரை வந்திருக்கிறது. இறங்கும்போது, "தம்பி, பையைப் பாத்து எடுத்துக்க" என்றார்.

பாஸ் வாங்கப் போகிறவர்கள், பாஸையும் அடையாள அட்டையையும் ஒரே பிளாஸ்டிக் கவரில் போட்டுச் சட்டைப் பையில் வையுங்கள். சாயங்காலம் பாரிமுனையிலிருந்து 21ஜியில் ஏறினால் இடதுபக்க ஜன்னல் சீட்டாகப் பாருங்கள். அண்ணா சதுக்கம் தாண்டியதும் கடற்காற்று வரும்.