பலூ தம்பி: கொழுகொழு எழுத்துரு

அக்கா மகள் யாழினியின் பிறந்தநாள் அழைப்பிதழை நானே செய்து தருகிறேன் என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். நான் டிசைனர் இல்லை. என்னிடம் இருந்த தமிழ் ஃபான்ட்களில் பாதி கல்யாணப் பத்திரிகை முகம், மீதி டெண்டர் நோட்டீஸ் முகம். தேடியதில் சிக்கியது பலூ தம்பி.

எக் டைப் குழுவினர் உருவாக்கியது. கூகுள் ஃபான்ட்ஸில் இலவசம். விற்பனைக்கான வேலைக்கும் பயன்படுத்தலாம், ஃபான்டை மட்டும் தனியாக விற்கக் கூடாது. இதே குடும்பத்தில் தெலுங்குக்குத் தம்முடு, மலையாளத்துக்குச் சேட்டன், குஜராத்திக்கு பாய் என்று மொழிக்கு ஒரு சகோதரன். பெயர் வைத்தவரை எனக்குப் பிடித்துவிட்டது.

முதலில் ‘யாழினி’ என்று அடித்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். முனை எதுவும் குத்தவில்லை. தடித்த கோடு, உருண்ட வளைவு. ழ சாப்பிட்டுவிட்டுச் சம்மணம் போட்டு உட்கார்ந்த மாதிரி இருந்தது. ஆங்கில எழுத்தும் அதே உடல்வாகு என்பதால் இரண்டு மொழியும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் ஒன்று மெலிந்து தெரியாது. தமிழ் ஃபான்ட்களில் இது பெரிய நிம்மதி.

அந்த மகிழ்ச்சியில் நாள், நேரம், முகவரி எல்லாவற்றையும் இதிலேயே பொடியாக அடித்தேன். ‘ஞாயிற்றுக்கிழமை’ ஒரே மைக்கறை ஆகிவிட்டது. ஞ-வின் உள்வெளி அடைத்துக்கொண்டது. பெரியம்மா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். தப்பு என்னுடையது, இது தலைப்புக்கான எழுத்து. பலூ தம்பி 2 என்ற அடுத்த பதிப்பில் ஐந்து எடைகள், அதாவது கோட்டின் தடிமன் அளவுகள், உண்டு. விவரங்களை அதன் மெலிந்த எடைக்கு மாற்றினேன், சரியாகிவிட்டது. வரி இடைவெளி மட்டும் கொஞ்சம் தாராளம், கையால் குறைக்க வேண்டியிருந்தது.

எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான யூனிகோட் குறியீட்டில் அமைந்தது என்பதால் அழைப்பிதழில் அடித்ததை அப்படியே நகலெடுத்து வாட்ஸ்அப்பிலும் ஒட்டினேன். ஆனால் பழைய டிசைன் மென்பொருள் ஒன்றில் திறந்தபோது கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றது. அது ஃபான்டின் குற்றம் இல்லை.

குழந்தைகள் புத்தக அட்டை, ஸ்டிக்கர், ஐஸ்கிரீம் கடைப் பலகை எல்லாவற்றுக்கும் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். கண்ணீர் அஞ்சலிக்கு வேண்டாம். அக்கா இப்போது தன் பள்ளி ஆண்டு விழா பேனருக்கும் இதையே கேட்கிறாள். தருகிறேன் என்றேன், தலைமை விருந்தினரின் பட்டங்களை மட்டும் வேறு ஃபான்டில் அடிக்கச் சொல்லியிருக்கிறேன்.