கணினிப் பராமரிப்பை வெளி நிறுவனத்திடம் ஒப்படைத்தல்: அம்பத்தூரிலிருந்து ஒரு மதிப்பீடு

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் உதிரிபாகம் தயாரிக்கும் எங்கள் அளவிலான ஒரு தொழிலகம், கணினி வேலைகளுக்கென்று தனிப் பிரிவு வைத்துக்கொள்வது கட்டுப்படியாகாது. ஒருவரை மட்டும் பணியில் அமர்த்தினால் அவர் விடுப்பெடுக்கும் நாளில் கேட்க ஆளில்லை. வேலை பழகித் தேர்ந்ததும் பழைய மகாபலிபுரம் சாலையில் உள்ள ஏதேனும் ஒரு பெரிய நிறுவனம் அவரை அழைத்துக்கொண்டுவிடும். ஆகவே கணினிகள், சர்வர், டேலி என்னும் கணக்கு மென்பொருள், மின்னஞ்சல், வெளியாட்கள் நுழையாமல் தடுக்கும் ஃபயர்வால், தரவின் பிரதியைப் பாதுகாக்கும் பேக்கப் ஆகிய அனைத்தையும் கிண்டியில் அலுவலகம் வைத்திருக்கும் ஒரு நடுத்தர நிறுவனத்திடம் ஆண்டு ஒப்பந்தத்தில் ஒப்படைத்திருக்கிறோம். அந்தச் சேவையைப் பற்றிய மதிப்பீடு இது. குறைகளையும் சொல்ல வேண்டியிருப்பதால் நிறுவனத்தின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன்; சிறு தொழிலகங்களுக்கு வரும் இவ்வகை ஒப்பந்தங்களின் வாசகங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருப்பதால், படிப்பவர்களுக்கு அதனால் பெரிய இழப்பில்லை.

கட்டணம் ஒரு கணினிக்கு இவ்வளவு என்று மாதக் கணக்கில் வருகிறது. சர்வருக்குத் தனி விகிதம். அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு என்றாலும், உள்ளீட்டு வரிக் கடனாக எடுத்துக்கொள்ள முடிவதால் அது சுமையாக நிற்பதில்லை. உதிரிபாகங்கள் சேர்ந்த ஒப்பந்தம், சேராத ஒப்பந்தம் என்ற இரண்டில் நாங்கள் எடுத்திருப்பது இரண்டாவது. ஹார்ட் டிஸ்க் பழுதானால் ரிச்சி தெருவில் நாங்களே வாங்கிக் கொடுக்கலாம், மாட்டித் தருவார்கள். அவர்கள் வழியாக வாங்கினால் விலை சற்றுக் கூடுதல், ஆனால் வாரண்டிக்காக அலைவது அவர்கள் பொறுப்பு. நியாயமான ஏற்பாடுதான்.

கூர்ந்து பார்க்க வேண்டியது நேர உறுதிமொழியை. முதலில் வந்த ஒப்பந்த வரைவில் கொடுக்கப்பட்டிருந்த நேரம், புகாருக்குப் பதில் தருவதற்கான கால அளவே தவிர, பழுதைச் சரிசெய்து முடிப்பதற்கானது அன்று. புகாரைப் பதிந்ததற்கான டிக்கெட் எண் குறுஞ்செய்தியாக வந்து சேர்ந்தாலே அந்த உறுதிமொழி நிறைவேறியதாகக் கணக்கு. அதைவிட நுணுக்கமானது, எந்தப் பழுது எந்த அவசர வகையைச் சேர்ந்தது என்ற பட்டியல். சர்வர் முழுவதும் நின்றுபோவது மட்டுமே முதல் வகை என்றும், இணைய இணைப்பு அறுந்துபோவது இரண்டாம் வகை என்றும் அதில் இருந்தது. 2023 ஆகஸ்ட் 1 முதல் ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனங்கள் பிற நிறுவனங்களுக்கு விற்கும் சரக்குக்கு அரசின் இணையத்தளத்தில் பதிவாகும் இ-இன்வாய்ஸ் போட்டாக வேண்டும். அரசுத் தளத்திலிருந்து குறியீட்டு எண் வராமல் பில் செல்லாது, பில் இல்லாமல் லாரி வாயிலைத் தாண்டாது. மாலை ஐந்து மணிக்கு லோடு ஏற்றி நிற்கும் லாரியைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்குச் சர்வர் நன்றாக ஓடுகிறது என்ற செய்தியால் என்ன பயன்? ‘பில் போட முடியாத நிலை’ எந்தக் காரணத்தால் வந்தாலும் முதல் வகையே என்று எழுதி வாங்கினோம். சற்றுத் தயங்கினார்களேயன்றி மறுக்கவில்லை.

அதன்பின் இந்த விஷயத்தில் அவர்கள் சேவை நன்றாகவே இருக்கிறது. பில் நின்றால், கோளாறு எங்கள் கணினியிலா, டேலியிலா, இணைப்பிலா, அரசுத் தளத்திலேயா என்பதை தொலைவிலிருந்தே கணினியை இயக்க உதவும் எனிடெஸ்க் வழியாக உள்ளே வந்து விரைவில் பிரித்துச் சொல்லிவிடுகிறார்கள். தளமே திணறும் நேரத்தில் நம் கணினியை நான்கு முறை அணைத்துப் போடுவதில் வீணாகும் பொழுது இதனால் மிச்சமாகிறது. பகலில் பேசுபவர்கள் தமிழில் பொறுமையாகப் பேசுகிறார்கள்; கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் எங்கள் மூத்த பணியாளரே நேராக அழைத்துப் பேசிவிடுகிறார். இரவு எட்டு மணிக்குமேல் அழைப்பு வேறொரு மையத்துக்குப் போகிறது. அங்கே ஆங்கிலம் அல்லது இந்திதான். இரண்டாம் ஷிப்டில் இருப்பவர் பழுதை விளக்குவதற்குள் மேலாளரை வீட்டிலிருந்து எழுப்ப வேண்டியதாகிறது. 24 மணி நேரச் சேவை என்று கட்டணம் வாங்குகிறவர்கள் இதைச் சரிசெய்யத்தான் வேண்டும்.

இந்த நிறுவனத்துக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம் என்றால் அது பேக்கப் வேலைக்குத்தான். தரவுக்கு மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று கட்டடத்துக்கு வெளியே என்ற 3-2-1 முறையைப் பின்பற்றுகிறார்கள். எப்போதும் சர்வரோடு இணைந்தே கிடக்கும் பேக்கப் டிஸ்க்கை, தரவைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ரான்சம்வேர் சேர்த்தே பூட்டிவிடும் என்பதால், ஒரு பிரதி கழற்றித் தனியே வைக்கப்படுகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தொழிற்பேட்டைக்குள் தண்ணீர் புகுந்ததைப் பார்த்தவர்களுக்கு வெளியே இருக்கும் பிரதியின் அருமையைச் சொல்லத் தேவையில்லை. சர்வரைத் தரைத்தளத்திலிருந்து மாடிக்கு ஏற்றுவதை ஒப்பந்தத்துக்கு முன்நிபந்தனையாகவே வைத்தார்கள். மின்னணு வடிவில் கணக்கு வைத்திருக்கும் கம்பெனிகள் இந்தியாவில் உள்ள சர்வரில் அன்றாடம் பேக்கப் வைக்க வேண்டும் என்று 2022 ஆகஸ்டில் விதி திருத்தப்பட்டது. அதையும் எங்களுக்கு எடுத்துச் சொன்னது இவர்களே. எல்லாவற்றுக்கும் மேலாக, காலாண்டுக்கு ஒருமுறை பேக்கப்பிலிருந்து டேலியை வேறொரு கணினியில் மீட்டெடுத்து, எங்கள் கணக்காளரையே திறந்து பார்க்கச் சொல்லி, இருப்புத்தொகை ஒத்துப்போகிறது என்று கையெழுத்து வாங்குகிறார்கள். பேக்கப் எடுக்காதவர்கள் இப்போது குறைவு. அதைத் திரும்பத் திறந்து பார்ப்பவர்கள் மிகக் குறைவு.

சாவிகள் யார் கையில் இருக்கின்றன என்பதில் நல்லதும் கெட்டதும் கலந்திருக்கிறது. சிறு நிறுவனங்களின் இணையப் பெயரைப் பராமரிப்பாளர் தம் பெயரிலேயே பதிவுசெய்து வைத்துக்கொள்வதும், பிரியும் காலத்தில் மின்னஞ்சலே முடங்கும் நிலை வருவதும் இத்தொழிலில் உண்டு. இவர்கள் அப்படிச் செய்யவில்லை. இணையப் பெயரும் மின்னஞ்சலின் தலைமைக் கணக்கும் எங்கள் பெயரில், எங்கள் தொலைபேசிக்கு ஓ.டி.பி. வரும்படி இருக்கின்றன. ஆனால் அவர்களுடைய பொறியாளர்கள் எல்லாரும் ஒரே பயனர் பெயரில் சர்வருக்குள் நுழைந்துகொண்டிருந்தார்கள். ஆட்கள் அடிக்கடி மாறும் தொழிலில், வேலையை விட்டுப் போனவருக்கும் அந்த பாஸ்வேர்டு தெரிந்திருக்கும். ஆளுக்கொரு கணக்கு வேண்டும் என்று வற்புறுத்திய பிறகே மாற்றினார்கள்.

சட்டத்தின் பார்வையிலும் இது சிறு விஷயமன்று. 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பணியாளர், வாடிக்கையாளர் விவரங்களைக் கையாளும் வேலையை வெளியே கொடுத்தாலும் பொறுப்பு கொடுத்தவரிடமே இருக்கும். போதிய பாதுகாப்பு செய்யாததற்கு அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். இணையத் தாக்குதல் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் இணையப் பாதுகாப்புக்கான மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்புக்கு அறிவிக்க வேண்டும் என்ற உத்தரவு 2022 முதல் இருக்கிறது. பராமரிப்பாளர் நமக்கு எத்தனை மணிக்குள் சொல்ல வேண்டும் என்பது ஒப்பந்த வரைவில் இல்லவே இல்லை. நாங்கள் கேட்டுச் சேர்த்தோம்.

விற்பனை என்று வரும்போது மட்டும் இவர்கள் ஆலோசனையைச் சலித்து எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிவதை முன்கூட்டியே எச்சரித்தது நல்ல காரியம். அந்தக் கடிதத்தோடு புதிய கணினிகளுக்கான விலைப்புள்ளியும் சேர்ந்தே வந்தது. ஒவ்வொரு கணினியையும் ஏன் மாற்ற வேண்டும் என்று தனித்தனியே காரணம் கேட்டபோது, சிலவற்றில் விண்டோஸ் 11க்குத் தேவையான டி.பி.எம். என்னும் பாதுகாப்பு சிப் இருந்தும், கணினியின் அடிப்படை அமைப்பான பயாஸில் அணைத்து வைக்கப்பட்டிருந்ததுதான் தடை என்று தெரிந்தது. பட்டியல் சுருங்கியது. பராமரிப்பவரே விற்பவராகவும் இருக்கும்போது இந்தச் சாய்வு வரத்தான் செய்யும், காரணம் கேட்கும் வழக்கம் இருந்தால் சமாளித்துக்கொள்ளலாம்.

அடுத்த ஆண்டுக்கும் இவர்களோடுதான் புதுப்பித்திருக்கிறோம். இம்முறை ஒப்பந்தம் முடியும்போது நெட்வொர்க் வரைபடம், பாஸ்வேர்டுகள், உரிமச் சான்றுகள் ஆகியவற்றை எழுத்துவடிவில் ஒப்படைத்து, புதிதாக வருபவருக்கு ஒரு மாதம் விளக்கம் தர வேண்டும் என்ற விதியும் சேர்ந்திருக்கிறது; கடைசி மாதக் கட்டணம் அந்த ஒப்படைப்பு முடிந்த பிறகே போகும். இரவு நேரத்தில் தமிழ் பேசும் ஒருவரை அமர்த்தும் கோரிக்கை மட்டும் ‘பரிசீலனையில்’ இருக்கிறது.