கல்லடியில் ஒரு கட்டுரை ஆலோசனை நிலையம்: வெளிநாட்டில் கால்நடை மருத்துவம் படிக்க விண்ணப்பிப்போர் கவனத்திற்கு

இலங்கையில் கால்நடை மருத்துவப் பட்டம் தருவது பேராதனைப் பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவ, விலங்கு விஞ்ஞான பீடம் ஒன்றுதான். அங்கு இடம் கிடைப்பதை உயர்தரப் பரீட்சையின் இசற் புள்ளியே தீர்மானிப்பதால், தன்னைப் பற்றித் தானே எழுதி ஒரு பீடத்துக்கு நியாயம் சொல்லும் பழக்கம் எமது பிள்ளைகளுக்கு வாய்ப்பதில்லை. அதனாலேயே, பிரித்தானியப் பல்கலைக்கழகங்களுக்கான பொது விண்ணப்ப அமைப்பாகிய யூகாஸ் (UCAS) வழியாக விண்ணப்பிக்க முனைந்த என் மகள், அந்தப் பாடநெறிக்குத் தான் ஏன் பொருத்தமானவள் என்பதை இடைவெளிகளும் உட்பட 4000 எழுத்துகளுக்குள் விளக்க வேண்டிய கட்டுரையின் முன் திகைத்து நின்றாள். மட்டக்களப்பு, கல்லடியில் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை ஒருவர் நடத்தும் சிறிய ஆலோசனை நிலையத்தை நாடியது அதன் பின்னரே. அங்கு கிடைத்த உதவியின் தரத்தையும் குறையையும், அடுத்த ஆண்டு விண்ணப்பிக்கவுள்ள குடும்பங்களுக்காக இங்கே பதிவு செய்கிறேன்.

முதலில் சொல்ல வேண்டியது, அவர்கள் கட்டுரையை எழுதித் தருவதில்லை என்பதாகும். பணம் கொடுத்தால் முழுக் கட்டுரையையும் கையில் தருபவர்கள் இருக்கிறார்கள். ஆனால் யூகாஸ் ஒவ்வொரு கட்டுரையையும் முன்னர் வந்த கட்டுரைகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பதால், அப்படி வாங்கிய எழுத்து பிள்ளையின் விண்ணப்பத்தையே சந்தேகத்துக்கு உள்ளாக்கிவிடும். 2026 ஆம் ஆண்டுச் சேர்க்கையிலிருந்து கட்டுரை மூன்று கேள்விகளாகப் பிரிக்கப்பட்டிருப்பதும் ஆசிரியைக்குத் தெரிந்திருந்தது. இந்தப் பாடநெறி ஏன், படித்தவை உங்களை எவ்வாறு ஆயத்தப்படுத்தின, கல்விக்கு வெளியே என்ன செய்தீர்கள், அது ஏன் பயனுள்ளது என்ற அந்த ஒழுங்கை அறியாமல், பழைய மாதிரிகளைக் கைமாற்றிக்கொண்டிருப்போர் இங்கு இன்னும் பலர்.

மகளின் முதல் வரைவில் இருந்த பலவீனங்கள் மூன்று. சிறுவயது முதலே மிருகங்கள் மீது அன்பு என்று தொடங்கியிருந்தாள். இரசாயனவியலில் முதல் தடவை பெற்ற குறைந்த பெறுபேற்றுக்கு நீண்ட விளக்கம் எழுதியிருந்தாள். அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் பெற்ற அனுபவத்தைப் “பல நோய்களைப் பற்றிக் கற்றேன்” என்ற ஒரே வரியில் முடித்திருந்தாள். முதலாவது, ஒரு கோடு போட்டு வெட்டியதோடு தீர்ந்தது. இரண்டாவதற்கு ஆசிரியை தந்த ஆலோசனை இந்த நிலையத்தின் மதிப்பை எனக்கு உணர்த்தியது. பரீட்சைக் காலத்தில் வீட்டில் ஏற்பட்ட நோய் போன்ற காரணங்களுக்குக் கட்டுரையில் இடம் செலவிட வேண்டாம் என்றும், பாடசாலை அனுப்பும் பரிந்துரையில் அதற்கென்றே ஒரு பகுதி இருக்கிறது என்றும், அதை அதிபரிடம் சான்றுகளோடு எடுத்துச் சொல்லுமாறும் கூறினார். விண்ணப்பதாரி தானே சொன்னால் சாக்குப்போக்காகக் கேட்கக்கூடிய விடயம், பாடசாலை சொல்லும்போது தகவலாகிறது. கட்டுரையில் எஞ்சியது, இரண்டாம் தடவைக்காக அவள் படிக்கும் முறையை எப்படி மாற்றினாள் என்ற இரண்டு வரிகள் மட்டுமே.

மூன்றாவது பலவீனத்துக்குத்தான் அதிக நேரம் சென்றது. ஆங்கிலத் தாளை ஒதுக்கி வைத்துவிட்டு, “மகள், அந்த ஒபிசில நீங்க கண்ணால கண்ட ஒன்றைச் சொல்லுங்க” என்று ஆசிரியை தமிழிலேயே கேட்டார். கிரான் பக்கத்து மாட்டுப் பட்டி ஒன்றில், நான்கு குழிகள் கொண்ட தட்டில் ஒரு பசுவின் நான்கு காம்புகளின் பாலையும் தனித்தனியே கறந்து, ஊதா நிறத் திரவத்தை விட்டுச் சுழற்றியபோது, ஒரு குழியில் மாத்திரம் பால் கூழ்போலத் திரண்டதை மகள் சொன்னாள். பசுவின் மடியைத் தாக்கும் நோயான மடியழற்சியை வெளித்தோற்றத்தில் தெரிவதற்கு முன்பே காட்டிக்கொடுக்கும் சோதனை அது. நுண்ணுயிர்க்கொல்லி ஊசி போட்ட பின் குறித்த நாட்களுக்குப் பாலை விற்கக் கூடாது என்று வைத்தியர் சொன்னதும், “அப்ப வீட்டுச் செலவுக்கு என்ன செய்யிற ஐயா?” என்று பட்டிக்காரர் கேட்டதும், வைத்தியர் அவசரப்படாமல் அமர்ந்து பேசியதும் அதன் பின் வந்தன. இவை எதுவும் முதல் வரைவில் இல்லை. விலங்கின் நோய், மனிதரின் வருமானம், பாலைக் குடிப்போரின் பாதுகாப்பு ஆகிய மூன்றும் ஒரே தட்டில் சந்திக்கும் அந்த நிகழ்வை அவளே ஆங்கிலத்தில் எழுதியபோது, கட்டுரைக்கு முதுகெலும்பு கிடைத்தது.

குறைகளையும் சொல்ல வேண்டும். அங்குள்ள உதவியாளர் ஒருவர், 2022 டிசம்பரில் மாண்டஸ் புயலை ஒட்டிய குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் மாடுகள் இறந்ததைப் பற்றிய பந்தியில், குடும்ப வறுமையையும் கண்ணீரையும் சேர்த்தால் வாசிப்பவரின் மனம் இளகும் என்றார். இது தவறான ஆலோசனை என்பதே என் உறுதியான கருத்து. உறவினரின் பட்டியில் மெலிந்த பசுக்களும் கன்றுகளும் முதலில் விழுந்ததையும், மழையில் நனைந்த உடலுக்குக் காற்றுத் தடுப்பு இல்லாததையும் கவனித்த ஒரு பிள்ளைக்கு இரக்கம் தேடும் வரிகள் தேவையில்லை. மகள் மறுத்தாள், ஆசிரியையும் அவள் பக்கமே நின்றார். மேலும், நாய், பூனை சிகிச்சை நிலையம், கோழிப் பண்ணை போன்ற வேறு இடங்களின் அனுபவமும் வேண்டும் என்பதை அவர்கள் தொடக்கத்திலேயே சொல்லியிருக்கலாம். கட்டுரை உருவான பின் சொன்னதால் அந்த இடைவெளியை நிரப்ப அவகாசம் இருக்கவில்லை. ஒக்டோபர் நெருங்கும்போது திருத்தங்கள் தாமதமாகத் திரும்பி வந்ததும், கட்டணத்தை மொத்தமாக மட்டுமே சொல்லிப் பற்றுச்சீட்டுத் தராததும் சரிசெய்யப்பட வேண்டியவை.

இவற்றையெல்லாம் கருத்தில் கொண்டும், சொல்லத்தக்க அனுபவம் கையில் இருந்தும் அதைச் சொல்லும் வழி தெரியாத பிள்ளைகளுக்கு இந்த நிலையத்தை நான் பரிந்துரைக்கிறேன். அனுபவமே இல்லாதவர்கள் முதலில் தமது பிரதேசக் கால்நடை வைத்தியரிடம் அனுமதி கேட்டுச் செல்வதே நல்லது. கால்நடை மருத்துவத்துக்கான யூகாஸ் இறுதி நாள் ஒக்டோபர் 15 என்பதால், பார்த்தவற்றை அன்றன்றே குறித்த கொப்பியோடு ஜூன் மாதத்துக்குள் ஆசிரியையைச் சந்தித்து, எத்தனை திருத்தங்கள் கட்டணத்தில் அடங்கும் என்பதை முதல் நாளே எழுத்தில் கேட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள்.