சிவப்பு கொடி ரோஜா என்று தலையில் கட்டும் காட்டுச் செடி: வாங்குமுன் அடித்தண்டைப் பாருங்கள்

கொடி ரோஜாவில் ஏமாந்தது வாங்கிய அன்றைக்குத் தெரியாது. இரண்டாவது வருடம் பூக்கும்போதுதான் வண்டவாளம் வெளியே வரும். அதற்குள் ரசீது எங்கே போனது என்று தேட வேண்டியிருக்கும். விற்றவரோ "நீங்க சரியா பார்த்துக்கலை" என்று கையை விரித்துவிடுவார்.

இப்படி விற்கப்பட்ட ஒரு செடியை எடுத்துக்கொள்வோம். அட்டையில் இருந்தது: அடர் சிவப்பு, நிறைய இதழ், நல்ல வாசனை, விட்டுவிட்டுப் பல தடவை பூக்கும், 3 மீட்டர் ஏறும். படத்தில் ஒரு சுவரே சிவந்து கிடந்தது. முதல் வருடம் ஒரு மொட்டுகூட இல்லை. ஆனால் இரண்டு தண்டுகள் கிடுகிடுவென ஆள் உயரத்தைத் தாண்டின. கேட்டதற்கு, "கொடி ரோஜா முதல் வருஷம் அப்படித்தான்" என்று பதில். இது பாதி உண்மை, அதனால்தான் நம்பத் தோன்றும். இரண்டாம் வருடம் பூத்தது. 5 சென்டிமீட்டர் அகலம், கறுத்த சிவப்பு, இரண்டு மூன்று அடுக்கு இதழ், நடுவில் பளிச்சென்று மஞ்சள் மகரந்தத் தாள்கள். வாசனை என்று சொல்ல எதுவும் இல்லை. சில வாரங்களில் பூ ஓய்ந்தது, பிறகு அந்த வருடம் முழுக்க இலைதான், அதிலும் சாம்பல் நோயின் வெள்ளைப் பூச்சு. இப்போது வந்த பதில்: "உரம் பத்தலை."

உரத்தில் குறை இல்லை. அடிமண்ணை விரலால் ஒதுக்கிப் பார்த்தபோது விஷயம் தெரிந்தது. ஒட்டுக் கட்டிய இடத்தில் ஒரு முட்டு. அதற்கு மேலே பென்சில் பருமனில் ஒரு குச்சி, கறுத்துக் காய்ந்து, நகம் பட்டதும் தோல் உரிந்துவந்தது. பச்சையாக இருந்த இரண்டு தண்டுகளும் முட்டுக்குக் கீழேயிருந்து கிளம்பியவை. அதாவது காசு கொடுத்து வாங்கிய ரகம் எப்போதோ செத்துவிட்டது. இரண்டு வருடம் தண்ணீர் ஊற்றி வளர்த்தது வேர்ச்செடியை.

கடைகளில் கிடைக்கும் ரோஜாவில் பெரும்பங்கு மொட்டு ஒட்டுதான். வேர் ஒரு முரட்டு ரகத்துக்குச் சொந்தம், மேலே உள்ள பூ இன்னொன்றுக்கு. ஒட்டிய மொட்டு நோஞ்சானாகிவிட்டால் வேர்ச்செடி தன் சொந்தத் துளிரை மேலே அனுப்பும். அது மல்டிஃபுளோரா என்ற காட்டு ரோஜாவாக இருந்தால் கொத்துக் கொத்தாகச் சின்ன வெள்ளைப் பூ வரும். சிவப்பு கேட்டவருக்கு உடனே புரிந்துவிடும். வம்பு டாக்டர் ஹ்யூயி வேரில்தான். 1920-ல் தோட்ட ரோஜாவாகவே விற்பனைக்கு வந்து, பின்னால் அமெரிக்காவில் வேர்ச்செடியாகப் பரவிய ரகம் அது. அதுவும் சிவப்பு, அதுவும் கொடி, ஆனால் வருடத்துக்கு ஒரே பருவம்தான் பூக்கும். மேலே நாம் பார்த்த பூவின் அடையாளம் அத்தனையும் அதனுடையது. சிவப்பு கொடி ரோஜா கேட்டவருக்கு சிவப்பு கொடி ரோஜாதான் கிடைத்திருக்கிறது, வேறு ரகம்!

"ஏழு இலை இருந்தால் காட்டு ரோஜா, ஐந்து இருந்தால் நல்லது" என்று ஒரு கணக்கு சுற்றுகிறது. அதை நம்பி நல்ல கொடியை வெட்டியவர்கள் உண்டு. அசல் கொடி ரகங்கள் பலவற்றிலும் ஏழு சிற்றிலை வரும். மல்டிஃபுளோராவைச் சந்தேகித்தால் இலைக்காம்பு தண்டில் சேரும் இடத்தைப் பாருங்கள். அங்குள்ள சின்னச் செதில் சீப்புப் பல் மாதிரி நார்நாராகப் பிரிந்திருக்கும். அந்த வழி வந்த கொடிகளிலும் இது இருக்கலாம் என்பதால், தண்டு முட்டுக்கு மேலேயா கீழேயா என்பதே முடிவான சாட்சி.

அதனால் வாங்குமுன் தொட்டியில் 2, 3 சென்டிமீட்டர் மண்ணை ஒதுக்கிப் பார்க்கவிடச் சொல்லுங்கள். விடாத கடையில் வாங்காதீர்கள். முட்டுக்கு மேலிருந்து குறைந்தது இரண்டு தண்டு, பென்சில் பருமனாவது இருக்க வேண்டும். தண்டை நகத்தால் லேசாகக் கீறினால் உள்ளே ஈரப் பச்சை தெரிய வேண்டும். மெழுகு பூசி விற்கும் தண்டில் மெழுகையும் தாண்டிக் கீறுங்கள், பழுப்பாக இருப்பதை மறைக்க மெழுகு வசதியாகப் போய்விடுகிறது. ஒட்டு முட்டு ஓரளவு வழவழப்பாக இருக்கும். சொரசொரவென்று புற்றுபோல வீங்கியிருந்தால் அது வேர்க்கழுத்துக் கழலை நோய், பாக்டீரியாவால் வருவது, உங்கள் மண்ணிலும் தங்கிவிடும். இலையில் மஞ்சள் வளைகோடுகள் ஓடினால் மொசைக் வைரஸ். ஒட்டுக் கட்டும்போதே வந்துவிட்டது, மருந்து கிடையாது. முட்டே இல்லையென்றால் பதறாதீர்கள், குச்சியில் வேர்விட்ட செடியாக இருக்கலாம். மெதுவாகத்தான் தேறும், ஆனால் அதில் அடியிலிருந்து எது வந்தாலும் அதே ரகம். ஒன்றுதான் கவனம்: மொட்டோடு நேற்று நட்ட குச்சியையும் செடி என்று விற்பார்கள். மெல்ல இழுத்தால் ஆடி மேலே வந்துவிடும், தொட்டியின் அடித்துளையில் வேரின் அடையாளமே இருக்காது.

ரகத்தின் பெயரைக் கேளுங்கள், ரசீதில் எழுதச் சொல்லுங்கள். "சிவப்பு கொடி ரோஜா" ஒரு பெயரே அல்ல. "வெள்ளை நாய்" என்று சொல்லி நாய்க்குட்டி விற்பது மாதிரி. பெயர் எவ்வளவு முக்கியம் என்பதற்கு இரண்டு ரகம் போதும். பால்ஸ் ஸ்கார்லெட் கிளைம்பர் 1916-ல் வந்தது, ஒரு பருவம் கொட்டிப் பூத்து ஓய்ந்துவிடும். அதன் வாரிசான பிளேஸ் 1932-ல் வந்தது, திரும்பவும் பூக்கும். பூவை மட்டும் பார்த்தால் இரண்டையும் பிரிப்பது கஷ்டம், அதனால் ஒன்றின் பெயரில் மற்றது எளிதாகக் கைமாறும். சின்ன இடத்துக்கு அடர் சிவப்பும் வாசனையும் வேண்டுமென்றால் 1958-ல் வந்த டான் ஜுவான் தோது. சுமார் 3 மீட்டரோடு நிற்கும். 6, 8 மீட்டர் படரும் ராம்ப்ளர் வகையைச் சின்னத் தோட்டத்துக்கு விற்பவர் உங்களுக்குக் கவாத்து வேலையைத்தான் விற்கிறார்.

பெயரின் முன்னால் "கிளைம்பிங்" என்று வரும் ரகங்களில் இன்னொரு சிக்கல். கிளைம்பிங் கிரிம்சன் குளோரி மாதிரியானவை புதர் ரகத்திலிருந்து தானாக மாறிக் கொடியானவை. முதல் இரண்டு வருடத்தில் ஒட்ட வெட்டினால் மறுபடி புதராகவே திரும்பிவிடக்கூடும். ஏற்றி இறக்க வசதியாக 15 சென்டிமீட்டருக்கு நறுக்கி வைத்திருக்கும் இந்த வகைச் செடியைத் தொடாமல் இருப்பது நல்லது.

விதை பாக்கெட் பற்றி அதிகம் பேசத் தேவையில்லை. கலப்பின ரோஜாவின் விதை தாயைப் போல வராது, அவ்வளவுதான்.

செடி சரியாக இருந்தும், பந்தல் கட்டித்தருகிறேன் என்று வருபவர் கெடுத்துவிடுவதும் உண்டு. சட்டத்தைச் சுவரோடு ஒட்டி ஆணி அடிப்பது, தண்டை நெட்டுக்குத்தாக நிறுத்திக் கம்பியால் இறுக்குவது, முதல் குளிரிலேயே "சுத்தம்" என்று வெட்டித் தள்ளுவது. நெட்டுக்குத்தாக நிற்கும் தண்டில் நுனி மொட்டு மற்ற மொட்டுகளை அடக்கிவிடும். உச்சியில் நாலு பூ, கீழே வெறும் முள். தண்டைச் சாய்த்துப் படுக்கைவாக்கில் கட்டினால்தான் நெடுக மொட்டுகள் விழித்துப் பக்கக் கிளை விடும், பூ அந்தக் கிளைகளில்தான். முதல் கம்பி தரையிலிருந்து 45 சென்டிமீட்டரில், பிறகு 30 முதல் 40-க்கு ஒன்று. சுவருக்கும் கம்பிக்கும் 5 முதல் 8 சென்டிமீட்டர் இடைவெளி, காற்றோட்டம் இல்லாவிட்டால் சாம்பல் நோய் அங்கேதான் தொடங்கும். செடி சுவரிலிருந்து 40 சென்டிமீட்டர் தள்ளி இருக்கட்டும், சுவரடியில் மழை படாது. மெத்தென்ற கயிற்றால் எட்டு வடிவில் தளர்வாகக் கட்டுங்கள். தொட்டியென்றால் 45 சென்டிமீட்டர் ஆழம், 50 லிட்டராவது மண். பூந்தொட்டி அளவில் "போதும்" என்பவர் சொல்வதைக் கேட்காதீர்கள். நேர் வெயில் ஒரு நாளைக்கு 6 மணி நேரம் வேண்டும், ஆனால் மாலை வெயிலில் கொதிக்கும் சுவரை ஒட்டி அடர் சிவப்பு இதழ்கள் ஓரம் கருகும்.

ஏற்கெனவே வாங்கியாகிவிட்டதா? இன்றைக்கே அட்டை, ரசீது, அடித்தண்டு மூன்றையும் படம் எடுத்து வையுங்கள். பூத்ததும் பூவையும், இலையையும், ஒட்டுக் கட்டிய இடத்தையும் ஒரே படத்தில் வரும்படி எடுங்கள். "பராமரிப்பு சரியில்லை" என்ற பதிலுக்கு அந்த ஒரு படம்தான் பேசும்: உரம் குறைந்ததால் ஒரு ரகம் இன்னொரு ரகமாக மாறிவிடாது.

ஒட்டு இன்னும் உயிரோடிருந்து, அடியிலிருந்து காட்டுத் துளிர் மட்டும் வருகிறதென்றால் செடியைக் காப்பாற்றலாம். துளிர் வேரில் கிளம்பும் இடம்வரை தோண்டி, கீழ்நோக்கி இழுத்துப் பிய்த்தெடுங்கள். கத்தரித்தால் அடியில் உறங்கும் மொட்டுகள் தங்கி, ஒன்றுக்கு மூன்றாக வரும். ஒட்டு செத்திருந்தால் பிடுங்குவதுதான் வழி. அதே குழியில் மறுபடி ரோஜா வைப்பதாக இருந்தால் 45 சென்டிமீட்டர் ஆழ அகலத்துக்குப் பழைய மண்ணை எடுத்துவிட்டு, ரோஜா வளராத இடத்து மண்ணில் மட்கிய தொழு உரம் கலந்து நிரப்புங்கள். பழைய ரோஜா மண்ணில் புதுச் செடி சோம்பி நிற்கும், அதற்கும் விற்றவர் உங்களைத்தான் கைகாட்டுவார்.