ஹோண்டா சிட்டி ஆட்டோமேட்டிக்கில் டிடபிள்யூ-1 ஆயில்: மூன்று முறை மாற்றிய பிறகு

என்னுடையது 2012ஆம் ஆண்டு ஹோண்டா சிட்டி. பின்னர் வந்த சிவிடி (கியர் படிகள் இல்லாமல் பெல்ட்டில் இயங்கும் வகை) அன்று, டார்க் கன்வர்ட்டர் (எஞ்சினின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பகுதி) உள்ள பழைய ஐந்து கியர் ஆட்டோமேட்டிக். 96,000 கிலோமீட்டர் ஓடியிருந்த நிலையில் இதை வாங்கியபோது, கியர்பாக்ஸ் ஆயில் மாற்றியதற்கான ரசீது ஒன்றுகூட இல்லை. வெயில் நேரத்து நெரிசலில் அரை மணி நேரம் ஊர்ந்துவிட்டால், இரண்டிலிருந்து மூன்றாம் கியருக்கு மாறும்போது வண்டி ஒரு முறை உதறும். அறுபதில் ஆக்ஸிலரேட்டரை மெல்ல மிதித்தபடி சென்றால், சாலையில் வரிவரியாகப் போட்டிருக்கும் தடைக்கோடுகளின் மேல் ஓடுவது போன்ற அதிர்வு எழும்.

ஆயிலின் மீது எனக்கு ஐயம் வந்தது இந்த அதிர்வினால்தான். அந்த வேகத்தில் டார்க் கன்வர்ட்டருக்குள் இருந்து எஞ்சினையும் கியர்பாக்ஸையும் நேரடியாக இணைக்கும் லாக்-அப் கிளட்ச் சற்றே வழுக்கியபடி பிடிக்க வேண்டும். அந்தப் பிடி சீராக அமைவதற்கென்றே ஆயிலில் சில வேதிப்பொருள்களைச் சேர்க்கிறார்கள். சூட்டில் அவை தீர்ந்துபோனால், கிளட்ச் பிடித்துப் பிடித்து விடத் தொடங்கும்.

முன்பிருந்த இசட்-1 என்ற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலுக்குப் பதிலாக ஹோண்டா கொண்டுவந்ததே டிடபிள்யூ-1. டிரெயின் போல்ட்டைக் கழற்றினால் சுமார் இரண்டரை லிட்டர்தான் வெளியேறும். மொத்த ஆயிலில் அது பாதிக்கும் குறைவு, மீதி டார்க் கன்வர்ட்டரிலேயே தங்கிவிடும். ஆகவே இடையிடையே சில நூறு கிலோமீட்டர் ஓட்டி, மூன்று முறை வடித்து நிரப்பினால் ஐந்தில் நான்கு பங்கு புதிய ஆயிலாகிவிடும். ஒர்க்‌ஷாப்பில் இயந்திரம் வைத்து ஒரே மூச்சில் மாற்றித் தருவதாகச் சொன்னார்கள், நான் இசையவில்லை. முதல் முறை வடிந்தது கறுத்த பழுப்பு நிறத்தில் இருந்தது. போல்ட்டின் காந்தத்தில் சாம்பல் நிறக் குழம்பு மட்டுமே படிந்திருந்தது. உலோகத் துணுக்குகள் இல்லாததைக் கண்ட பின்புதான் எனக்கு மூச்சு வந்தது.

குறையாகச் சொல்ல வேண்டியது, அளவு பார்த்த விதத்தை. மற்ற வண்டிகளுக்குச் செய்வது போல எஞ்சின் ஓடும்போதே டிப்ஸ்டிக்கைப் பார்த்து, தேவைக்கு மேல் ஊற்றிவிட்டார் மெக்கானிக். ஹோண்டாவில் சூடான எஞ்சினை நிறுத்தி, 60 முதல் 90 விநாடிக்குள் பார்க்க வேண்டும். கூடுதலாக ஊற்றியதை மறுநாள் நானே போய் எடுக்க வைத்தேன்.

முதல் முறைக்குப் பின் பெரிய மாற்றம் எதுவும் தெரியவில்லை. இரண்டாவதற்குப் பின் அந்த அதிர்வு எப்போதாவதுதான் வந்தது. மூன்றாவதற்குப் பின் அறவே நின்றது. சூட்டில் மூன்றாம் கியருக்கு மாறும்போது இருந்த உதறலும் மிகவும் தணிந்தது, ஆனால் முழுதாக மறையவில்லை. செலவழித்த மனம் எதையும் நல்லதாகவே பார்க்கும் என்பதால், என் மனைவியிடம் எதுவும் சொல்லாமல் ஓட்டக் கொடுத்தேன். அதிர்வு போய்விட்டதை மட்டும் அவர் உடனே சொன்னார், கியர் மாறுவதில் வேறுபாடு எதையும் உணரவில்லை.

ரிவர்ஸிலிருந்து டிரைவுக்குப் போடும்போது வரும் 'டொக்' என்ற ஓசையில் இம்மியும் மாற்றமில்லை. பின்னர் தேய்ந்த எஞ்சின் மவுன்டிங்கை மாற்றியதும் அது நின்றது. கிளட்ச் தகடுகளே தேய்ந்து, கியர் விழாமல் எஞ்சின் வெறுமனே இரையும் வண்டிகளையும் இந்த ஆயில் மீட்காது. பின்னர் வந்த சிவிடி சிட்டி வைத்திருப்போர் இதை வாங்கவே வேண்டாம், அதற்குரிய ஆயில் எச்சிஎஃப்-2.